468 நிமிடமும் வெட்டாமல்: வெள்ளவத்தையில் மூன்று ஞாயிறுகள்

"வெட்டினதோ, வெட்டாததோ?"

புளூரே பெட்டி வந்துவிட்டது என்று நான் போனில் சொன்னதும் அங்கிள் கேட்ட முதல் கேள்வி இதுதான். இங்கிலாந்தின் பீட்டில்ஸ் இசைக்குழுவைப் பற்றி பீட்டர் ஜாக்சன் செய்த 'கெட் பேக்' ஆவணப்படம். மூன்று பாகம், மொத்தம் 468 நிமிடம். நல்ல இடங்களாகப் பொறுக்கி இரண்டு மணித்தியாலக் காட்சி ஒன்று வைக்கலாம் என்பது என்னுடைய திட்டம். அதைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"தம்பி, அம்பது வருசம் பூட்டி வைச்சதை இப்பதான் திறந்திருக்கினம். நீர் திரும்பவும் வெட்டப் போறீரே?"

வெட்டவில்லை. 2022இன் கடைசி மாதங்களில், மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில், கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் முழுவதையும் பார்த்தோம். முதல் நாள் 11 பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் கதிரை போதாமல் பாய் விரித்தோம். அந்த மூன்று நாளும் என்ன நடந்தது, ஏன் அப்படி நடந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று அப்போதே நினைத்தேன். இரண்டரை மணித்தியாலத் தமிழ்ப் படத்துக்கே "நீளம் கூட" என்று குறை சொல்லும் ஆட்கள் இவர்கள். நாலு பேர் கிட்டார் சுருதி கூட்டுவதை, பாண் தின்பதை, ஒரே வரியை முப்பது தரம் பாடிப் பார்ப்பதை எட்டு மணித்தியாலம் போல உட்கார்ந்து பார்த்தார்கள். போதாது என்றும் சொன்னார்கள். அது எப்படி?

படம் எங்கிருந்து வந்தது

1969 ஜனவரி 2ஆம் திகதி லண்டனில் ட்விக்கன்ஹாம் படப்பிடிப்புக் கூடத்தில் தொடங்குகிறது. ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்ரார் நாலு பேரும் புதுப் பாட்டுகளைப் பழகி, மாத முடிவுக்குள் ஆட்கள் முன்னிலையில் ஒரு நிகழ்ச்சி செய்வதாக ஏற்பாடு. இயக்குநர் மைக்கேல் லின்ட்சி-ஹொக் எல்லாவற்றையும் படம் பிடித்தார். அதிலிருந்து 80 நிமிடம் போல எடுத்து 'லெட் இட் பி' என்று 1970 மே மாதம் திரைக்கு விட்டார்கள். அதற்குள் குழு உடைந்துவிட்டது. எனவே படம் பார்த்தவர்கள் அதைப் பிரிவின் படமாகவே பார்த்தார்கள்.

மிச்சம் எல்லாம் பெட்டகத்துக்குள் போனது. ஏறத்தாழ 60 மணித்தியாலக் காட்சி, 150 மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஒலி. ஒலிநாடாக்களில் பெரிய பகுதி எழுபதுகளில் களவுபோய், 2003இல் பொலிஸ் தேடுதலில் சுமார் 500 நாடாக்கள் மீட்கப்பட்டன. ஜாக்சன் நாலு வருடம் போல இதற்குள் இருந்து, நாள் நாளாக அடுக்கி, 2021 நவம்பர் 25, 26, 27 மூன்று நாளும் நாளுக்கொரு பாகமாக வெளியிட்டார். தட்டுகளாக விற்பனைக்கு வந்தது 2022 ஜூலையில். எங்கள் பெட்டி வெளிநாட்டில் இருக்கும் ஒருவரின் பயணப்பையில், பால்மா பைக்கற்றுகளுக்கு நடுவே வந்தது. பொருளாதார நெருக்கடியில் பால்மாவுக்கும் கரண்டுக்கும் தவித்த வருடம் அது என்பது இலங்கையில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், பின்னால் தேவைப்படும். அந்த நாடாக்களில் பேச்சும் வாத்தியமும் ஒரே தடத்தில் கலந்து கிடந்தன. தாங்கள் கதைப்பது பதிவாகக் கூடாது என்று நினைத்தால் கிட்டாரைச் சத்தமாகத் தட்டிக்கொண்டே கதைப்பார்கள். ஜாக்சனின் ஆட்கள் கணினிக்குக் குரல் எது, கிட்டார் எது, மேளம் எது என்று பழக்கி, ஒவ்வொன்றையும் பிரித்தெடுத்தார்கள். கிட்டாருக்குப் பின்னால் ஒளித்த பேச்சு ஐம்பது வருடம் கழித்து வெளியே வந்தது.

வந்தவர்கள்

பெயர் போடாமல் சொல்கிறேன். அங்கிளுக்கு எழுபது தாண்டிவிட்டது, வங்கியில் இருந்து ஓய்வுபெற்றவர். அறுபதுகளின் கடைசியில் பள்ளிக்கூடப் பையன்களாகச் சேர்ந்து நடத்திய பீட் குழு ஒன்றில் பேஸ் கிட்டார் வாசித்தவர். கொட்டாஞ்சேனையில் இருந்து கணக்காளர் ஒருவர், குடும்பத்தின் வேர் ஹட்டன் பக்கம். கலியாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர், மிக்ஸர் வாடகைக்கு விடும் இடத்தில் வேலை செய்யும் இளைஞன். ஒரு கொம்பனியில் ஆளணிப் பிரிவில் இருக்கும் அக்கா. உயர்தரம் படிக்கும் இரண்டு சகோதரிகள். மூத்தவள் வீணை பழகுகிறாள். மற்றவர்கள் எங்கள் வட்ஸ்அப் குழுவில் இருந்தவர்கள், அவர்கள் கூட்டி வந்தவர்கள்.

கொழும்புத் தமிழருக்கும் இந்தப் பாட்டுகளுக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் உண்டு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை 1950இல் தொடங்கியது. ஒரே வீட்டு ரேடியோவில் தமிழ்ச் சேவையில் அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலும் போகும், முள்ளைத் திருப்பினால் ஆங்கில சேவையில் அறிவிப்பாளர் வேர்னன் கொறயாவும் வருவார். காலிமுகத்திடல் ஹோட்டலின் கோக்கனட் குரோவில் ஜெட்லைனர்ஸ் இசைக்குழு வாசித்த காலம் அது. அப்புறம் அதே கிட்டாரும் கொங்கோ மேளமும் தமிழுக்குள் வந்து, நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' ஆகவும் ஏ.ஈ. மனோகரனின் பைலா ஆகவும் ஊரெல்லாம் பரவியது. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாடு வந்து இசைத்தட்டு கிடைக்காமல் போனபோது கையில் இருந்த தட்டே சொத்து. கசெற் வந்த பிறகு றெக்கோடிங் பார். வெற்று கசெற்றையும் பாட்டுப் பட்டியலையும் கொடுத்தால் இரண்டு மூன்று நாளில் பதிந்து தருவார்கள். ஒரு பக்கம் இளையராஜா, மறுபக்கம் பீட்டில்ஸ் என்று எங்கள் வீட்டிலும் ஒன்று கிடந்தது.

அங்கிளின் தட்டுகள் 83 ஜூலைக் கலவரத்தில் வீட்டோடு எரிந்தன. இதை அவர் முதல் ஞாயிறு சொல்லவில்லை, மூன்றாம் ஞாயிறுதான் சொன்னார். முகாமில் இருந்து திரும்பி வந்து பார்த்தபோது தட்டுகள் ஒன்றோடு ஒன்று உருகி ஒட்டி, ஒரு கறுப்புக் கட்டியாகக் கிடந்ததாம். மேலே இருந்த ஒன்றின் நடுத்தாளில் பாதி எழுத்து மட்டும் வாசிக்கக்கூடியதாக இருந்ததாம்.

முதல் ஞாயிறு: கரண்ட் போன இடம்

கீழ்த்தளத்துப் பொது அறை. ரியூஷன் வகுப்பு ஒன்றில் இரவல் வாங்கிய புரொஜெக்டர். பிளேன்ரீ, மரக்கறி ரோல்ஸ். மாலை 4 மணிக்குத் தொடங்கினோம். முதற்பாகம் 157 நிமிடம். இதன் நடுப்பகுதி இழுக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். முழுதாக ஒரு பாட்டு கேட்க வந்தவர்களுக்கு அந்த இடத்தில் பொறுமை போய்விடும். இரண்டு பேர் எழும்பிப் போனார்கள். அவர்கள் மேல் எனக்குக் குறை இல்லை. முதற்பாகத்தில் நல்ல முறையில் வாசித்து முடிக்கும் பாட்டு மிகக் குறைவு என்பதை நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் ஜனவரி 7ஆம் திகதிக் காட்சி வந்தபோது அறை மாறியது. ஜோன் இன்னும் வந்து சேரவில்லை. போல் கதிரையில் இருந்துகொண்டு பேஸ் கிட்டாரைச் சாதாரணக் கிட்டார் மாதிரித் தட்டுகிறார். எதிரே ஜோர்ஜ் கொட்டாவி விடுகிறார். போலின் வாயில் சொல் இல்லை, வெறும் முனகல். திரும்பத் திரும்ப அதே தட்டு. ஒரு நிமிடம் போகிறது. முனகலுக்குள் ஒரு மெட்டு தெரிகிறது. பிறகு அந்த மெட்டுக்கு ஒரு சொல் வந்து ஒட்டுகிறது. உலகம் முழுக்கத் தெரிந்த பாட்டு அந்த இடத்தில் பிறக்கிறது, பக்கத்தில் இருப்பவர்களுக்கே அது இன்னும் தெரியாது. கொஞ்சம் கழித்து ஜோர்ஜும் ரிங்கோவும் மெதுவாகச் சேர்ந்துகொள்கிறார்கள்.

நான் திரையைப் பார்ப்பதை விட்டு அங்கிளைப் பார்த்தேன். அவருடைய வலது கை முழங்காலில் தட்டிக்கொண்டிருந்தது. இடது கை விரல்கள் மடியில், இல்லாத கிட்டாரின் கழுத்தைப் பிடித்திருந்தன. வீணை பழகும் பிள்ளை தங்கைக்குச் சொன்னது எனக்குக் கேட்டது: "பார், சாகித்தியம் வர முதல் வெறும் ஸ்வரமாப் போட்டுப் பார்க்கிறார்."

'கெட் பேக்' என்ற அந்தப் பாட்டின் தலைப்பை நாங்கள் 'திரும்பிப் போ' என்றுதான் தமிழில் சொல்ல முடியும். சில காட்சிகள் கழித்து அது எங்கே போகிறது என்று படம் காட்டுகிறது. 1968 ஏப்ரலில் ஈனொக் பவல் என்ற பிரித்தானிய அரசியல்வாதி குடியேறி வந்தவர்களுக்கு எதிராகப் பேசிய பேச்சு அந்த நாட்களில் சூடாக இருந்தது. பாகிஸ்தானியர் கூடிவிட்டார்கள் என்று புலம்பியவர்களைக் கேலி செய்து போல் சில வரிகளைப் பாடிப் பார்க்கிறார். பிறகு அந்த வரிகள் கைவிடப்பட்டன, பாட்டு வேறு ஆட்களின் கதையானது. அந்தக் காட்சி முடிந்து சிறிது நேரத்தில் கரண்ட் போனது. அன்றைய மின்வெட்டு அட்டவணையில் எங்கள் பகுதி பின்னால் இருக்கிறது என்று நினைத்திருந்தோம், பிழையாகப் பார்த்துவிட்டோம். ஒரு மணித்தியாலம் போல இருட்டு.

மெழுகுதிரி கொளுத்திவிட்டு இருந்தோம். யாரும் எழும்பவில்லை. அந்த இருட்டில்தான் கொட்டாஞ்சேனைக்காரர் வாய் திறந்தார். அதுவரை அவர் அதிகம் பேசாதவர்.

"நாப்பது வருசமா இந்தப் பாட்டுக்கு நான் ஆடியிருக்கேன் சார். அர்த்தம் பார்த்ததே இல்ல. எங்க தாத்தாவோட தம்பி குடும்பத்தயும் திரும்பிப் போன்னுதான் அனுப்பினாங்க. போறதுக்கு அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்ல. அவங்க பொறந்ததே இங்கதான்."

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் மலைநாட்டுத் தோட்டத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு எடுப்பது, 300,000 பேருக்கு இங்கே குடியுரிமை கொடுப்பது என்று முடிவானது. மலைநாட்டு ரயில் நிலையங்களில் ஏறி, தலைமன்னார் போய், இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போனார்கள். அந்த ரயிலை ஒப்பாரிக் கோச்சி என்பார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் தான் சின்னப் பையனாக நின்றதையும், பெட்டிக்குள் இருந்த சித்தப்பாவின் கையை அப்பா ரயில் நகர்ந்த பிறகும் விடாமல் பிளாட்போர்ம் முடியும்வரை ஓடியதையும் அவர் சொன்னார். லண்டனில் நாலு பேர் ஒரு பாட்டு உண்டாக்கப் பார்த்த அதே காலம். அந்த அறையில் இருந்த எங்களில் பலர் தமிழருக்கு எதிரான 58, 77, 83 கலவரங்களை வீட்டுக் கதைகளாகவாவது அறிந்தவர்கள். திரும்பிப் போகச் சொல்லப்பட்ட ஆட்கள்தான் எல்லாரும். ஆனால் மலைநாட்டின் கதையை இப்படிப் பக்கத்தில் இருந்து கேட்டவர்கள் எங்களுக்குள் குறைவு. அங்கிள் எழும்பிப் போய் அவருக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தார். மற்ற இரண்டு ஞாயிறும் அவருக்குப் பக்கத்தில்தான் இருந்தார்.

நான் பொறுக்கிக் காட்டியிருந்தால் இந்தக் காட்சியை எடுத்திருக்க மாட்டேன். பாட்டு இல்லை, சும்மா பேப்பர் பார்த்துக் கதைக்கிறார்கள் என்று விட்டிருப்பேன்.

கரண்ட் வந்தது. ஜனவரி 10, மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஜோர்ஜ் குழுவை விட்டுப் போகிறார். சத்தம் போடவில்லை, கதவை அடிக்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். முதற்பாகம் முடிகிறது. வீட்டுக்குப் போகும்போது படியில் நின்று எல்லாரும் ஜோர்ஜைப் பற்றித்தான் கதைத்தார்கள், நேற்று நடந்த விஷயம் மாதிரி.

இரண்டாம் ஞாயிறு

173 நிமிடம். போன கிழமை எழும்பிப் போனவர்களில் ஒருவர் திரும்பி வந்திருந்தார். வட்ஸ்அப் குழுவில் கிழமை முழுக்க ஓடிய பேச்சைப் பார்த்துவிட்டு வந்தாராம்.

ஜோர்ஜ் போன பிறகு சாப்பாட்டு அறையில் பூச்சாடிக்குள் மைக் ஒன்றை ஒளித்துவைத்துப் பதிந்த உரையாடல் இரண்டாம் பாகத் தொடக்கத்தில் வருகிறது. படம் இல்லை, ஜோனும் போலும் கதைக்கும் குரல் மட்டும். ஜோர்ஜை எப்படி நடத்தினோம், யார் யாரை அதிகாரம் பண்ணினோம் என்று மனம் விட்டுக் கதைக்கிறார்கள். தட்டும் கரண்டியும் உரசும் சத்தத்துக்கு நடுவே கூர்ந்து கேட்க வேண்டியிருந்தது. ஆளணிப் பிரிவு அக்கா படத்தை நிறுத்தச் சொன்னார்.

"இதைத் திரும்பப் போடுங்கோ. ஒருத்தர் வேலையை விட்டுப் போன பிறகுதான் நாங்களும் இப்பிடிக் கதைக்கிறம். அவர் இருக்கேக்க ஒருத்தரும் கதைக்கிறேல்ல."

திரும்பப் போட்டோம். இரண்டு தரம்.

ஜோர்ஜ் திரும்பி வந்தார். இடமும் மாறியது, லண்டன் சவில் றோவில் அவர்களுடைய அலுவலகம் இருந்த 3ஆம் இலக்கக் கட்டடத்தின் அடித்தளம். அங்கே புதிதாகக் கட்டிய ஒலிப்பதிவுக் கூடம் பாவிக்க முடியாமல் போக, அவர்களின் தயாரிப்பாளர் ஜோர்ஜ் மார்ட்டின் இ.எம்.ஐ. இசைத்தட்டு நிறுவனத்தில் இருந்து சாமான்களை இரவல் எடுத்து அனுப்புகிறார். ஸ்பீக்கர் தம்பிக்கு இதைவிடச் சந்தோசம் வேறு இல்லை. கலியாண வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் இருக்க மிக்ஸர் பழுதாகி, வேறு இடத்தில் இரவலுக்கு ஓடிய கதைகள் அவனிடம் நிறைய. "அவங்களுக்கும் இரவல் சாமான்தானா அண்ணா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டான். எந்தப் பெட்டி எதற்கு, கிளின் ஜோன்ஸ் என்ற பொறியாளர் ஏன் இந்த மூலையில் மைக்கை வைக்கிறார் என்று அதற்குப் பிறகு அவன்தான் எங்களுக்குச் சொல்லித் தந்தான்.

ஜனவரி 22. பில்லி பிரெஸ்ரன் வருகிறார், மின்பியானோவில் உட்காருகிறார், ஐந்து நிமிடத்தில் எல்லார் முகமும் மாறுகிறது. வீட்டுக்குள் சண்டை நடக்கும்போது வெளியாள் ஒருவர் வாசலில் வந்தால் எல்லாரும் நல்ல பிள்ளைகளாகிவிடுவோம் அல்லவா, அப்படி. ஆனால் அது நடிப்பாக இருக்கவில்லை. அவர் வாசித்த வாசிப்பு அப்படி. பிறகு 'கெட் பேக்' பாட்டு ஏப்ரலில் தட்டாக வந்தபோது 'பீட்டில்ஸ், பில்லி பிரெஸ்ரனுடன்' என்று அவர் பெயரும் போட்டார்கள். அதை அங்கிள் சொன்னதும் கைதட்டல் எழுந்தது.

இந்த இடத்தில் படத்தைப் பற்றி ஒரு குறையும் சொல்கிறேன். ஜாக்சன் ஒரு ரசிகர். ரசிகரின் கண்ணால்தான் வெட்டி ஒட்டியிருக்கிறார். பணத்தகராறு, அலன் கிளைன் என்ற முகாமையாளரால் வந்த வில்லங்கம் எல்லாம் ஓரமாகத் தலைகாட்டிப் போய்விடுகின்றன. அடுத்த வருடமே இவர்கள் உடைந்தது ஏன் என்று இந்தப் படத்தை மட்டும் பார்த்த ஒருவருக்கு முழுதாக விளங்காது. எங்கள் ஆட்களில் ஒருவரும் அதை ஒரு குறையாக எடுக்கவில்லை. 1970 படம் துக்கத்தை மட்டும் வைத்துக்கொண்டது, இது சந்தோசத்தையும் எடுத்து வந்திருக்கிறது என்றார்கள். என் அபிப்பிராயம் கொஞ்சம் வேறு. ஆனாலும் ஒருவருக்கு மற்றவர் பகிடி சொல்லிக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பது பொய் இல்லை. அது நடந்தது, பதிவில் இருக்கிறது. அத்தனை வருடம் ஒருவரும் அதைக் காணவில்லை.

மூன்றாம் ஞாயிறு: மொட்டைமாடி

கடைசிப் பாகம் 138 நிமிடம். அதில்தான் ஜனவரி 30ஆம் திகதி சவில் றோக் கட்டடத்தின் கூரையில் நடந்த கச்சேரி. "கூரையில் நடந்ததைக் கீழே இருந்து பார்க்கலாமா?" என்று சின்னவள் குழுவில் எழுதினாள். அந்த ஒரு வரிக்குக் கிடைத்த ஆதரவைப் பார்த்து நானும் சம்மதித்தேன்.

வெள்ளவத்தை மொட்டைமாடி எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தண்ணீர்த் தாங்கிகள், உடுப்புக் காயப்போடும் கம்பி, மேற்கே மரைன் டிரைவ், அதற்கு அப்பால் ரயில் தண்டவாளம், அதையும் தாண்டினால் கடல். இரண்டு வேட்டியைச் சேர்த்துத் தைத்து, தாங்கியின் இரும்புக் காலில் கட்டினோம். காற்று வேட்டியை ஊத, போலின் முகம் வீங்கிச் சுருங்கியது. அடியில் செங்கல் முடிந்து கட்டிச் சரிசெய்தோம். படத்திலும் காற்றுத்தான். ஜோன் மனைவியின் ரோமக்கோட்டைப் போட்டிருக்கிறார், ரிங்கோ தன் மனைவியின் சிவப்பு மழைக்கோட்டை. மைக்கில் காற்று இரையாமல் இருக்க அன்று பெண்களின் காலுறை வாங்கிவந்து மாட்டினார்கள் என்று ஸ்பீக்கர் தம்பி சொன்னான். ஒலிப்பதிவில் உதவிக்கு நின்ற அலன் பார்சன்ஸ் சொன்ன கதை அது.

கச்சேரி 42 நிமிடம். ஜாக்சன் அதை முழுதாக விட்டிருக்கிறார், திரையைப் பல கட்டமாகப் பிரித்து. ஒரு கட்டத்தில் கூரை, ஒரு கட்டத்தில் தெருவில் அண்ணாந்து பார்க்கும் ஆட்கள், இன்னொன்றில் முறைப்பாடு கேட்டு வந்த இரண்டு இளம் பொலிஸ்காரர். மல் எவன்ஸ் என்ற உதவியாளர் அவர்களை வாசலிலேயே வைத்து நேரம் கடத்துகிறார். எங்களுக்கு ஒவ்வொரு முறை ரயில் போகும்போதும் ஒன்றும் கேட்காது. ரயில் போய் முடியும்வரை நிறுத்திவிட்டு இருந்தோம். ஒருவர்கூடச் சலிக்கவில்லை.

பொலிஸ்காரர் திரையில் படியேறும் நேரம் எங்கள் தொடர்மாடிக் காவலாளியான வோச்சர் படியேறி வந்தார். சத்தம் கூட என்று கீழ்மாடி ஒன்றில் இருந்து சொல்லியிருக்கிறார்கள். "சேர், கொஞ்சம் குறையுங்கோ" என்றவர் திரையைப் பார்த்தார். சிங்களத்தில் ஒருவர் அவருக்கு விஷயத்தைச் சொன்னார்: இந்த ஆட்களின் பாட்டை நிறுத்தத்தான் அந்தப் பொலிஸ் வந்திருக்கிறது. அவர் கதவு நிலையில் சாய்ந்து நின்றார். நாங்கள் சத்தத்தைப் பாதியாகக் குறைத்தோம். கேட்க வேண்டும் என்பதால் எல்லாரும் பாயை இழுத்துக்கொண்டு ஸ்பீக்கருக்குக் கிட்ட வந்தார்கள். அப்புறம் கடைசிப் பாட்டு முடியும்வரை தோள் முட்டத் தோள் இருந்தோம், வோச்சரும் போகவில்லை. நாலு பேரும் அதற்குப் பிறகு மக்கள் முன் சேர்ந்து வாசிக்கவே இல்லை என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். திரையில் இருப்பவர்களுக்கு மட்டும் அன்று தெரியாது.

படம் முடிந்து பாயைச் சுற்றும்போதுதான் அங்கிள் எரிந்த தட்டுகளின் கதையைச் சொன்னார். தன் குழுவின் ஒத்திகைப் பதிவு ஒன்றுகூட இல்லை, படம் இரண்டு மட்டும் இருக்கிறது என்றார். "அவங்கட கொட்டாவியைக்கூட ஒருத்தன் பதிஞ்சு வைச்சிருக்கிறான். அதுதான் எனக்குப் பெரிசு" என்றார்.

ஏன் இந்த ஆர்வம்

குறிப்புப் புத்தகத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். மூன்று நாளும் ஆட்கள் நிறுத்தச் சொன்ன, திரும்பப் போடச் சொன்ன இடங்களைக் குறித்திருந்தேன். அவற்றில் முழுப் பாட்டு ஒன்றுதான், மற்றதெல்லாம் இடைவெளிகள்: கொட்டாவி, பூச்சாடி, இரவல் மிக்ஸர், சொல் கிடைக்காமல் முனகும் இடம். பாட்டுகள் எல்லாருக்கும் ஏற்கனவே மனப்பாடம். பாட்டாக ஆகுமுன் அது எப்படிக் கிடந்தது என்பதைத்தான் இவர்கள் பார்க்க வந்தார்கள். அதைப் பார்க்க நீளம் வேண்டும். சுருக்கினால் ஜனவரி 7 வெறும் அதிசயமாகிவிடும். அதற்கு முந்திய மூன்று நாள் ஒத்திகையின் சலிப்பையும் கூட இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் அந்த மெட்டு வந்தபோது உடம்பு சிலிர்த்தது.

இன்னொன்று, இதை நான் உறுதியாக நம்புகிறேன். வீட்டையும் படங்களையும் பதிவுகளையும் இழந்த ஆட்கள் நிறைய உள்ள ஊர் இது. எதுவும் எறியப்படாமல், களவு போனதும் திரும்பி வந்து, மறைத்த பேச்சும் கேட்கிற ஒரு பதிவு அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்காக இருக்க முடியாது. அங்கிளின் முதல் கேள்வியிலேயே அது இருந்தது, எனக்கு விளங்க மூன்று கிழமை எடுத்தது.

சேர்ந்து பார்த்ததும் ஒரு காரணம்தான். தனியாகக் கைப்பேசியில் பார்த்திருந்தால் நானே முதற்பாகத்தைத் தாண்டியிருக்க மாட்டேன். வேறு யாராவது இப்படிச் செய்வதானால் முதற்பாகத்தின் நடுவில் ஒரு தேநீர் இடைவேளை விடுங்கள். கதைக்க நேரம் கொடுங்கள். எங்களுக்கு அதை மின்வெட்டுத்தான் கொடுத்தது.

பிறகு

2023 நவம்பர் 2ஆம் திகதி பீட்டில்ஸின் 'நவ் அன்ட் தென்' வெளிவந்தது. எழுபதுகளின் கடைசியில் ஜோன் வீட்டில் பியானோவோடு கசெற்றில் பதிந்து வைத்த பாட்டு. 1995இல் மற்ற மூவரும் முயன்று, பியானோவில் இருந்து குரலைப் பிரிக்க முடியாமல் கைவிட்டார்கள். 'கெட் பேக்' படத்துக்காக உண்டாக்கிய அதே முறையில் இப்போது பிரித்தார்கள். அன்று மாலை பாதிப் பேர் மொட்டைமாடியில் கூடிக் கேட்டோம். அங்கிள் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய், இரவு எனக்குப் போன் எடுத்தார்.

லண்டனில் இருக்கும் அவருடைய அக்காவுக்கு 1981இல் கடிதத்துக்குப் பதிலாக ஒரு கசெற் அனுப்பியிருந்தார்களாம். அந்தக் காலத்தில் பல வீடுகளில் இருந்த வழக்கம். வெள்ளவத்தை வீட்டு முன்விறாந்தையில் அண்ணர் பாட, இவர் பேஸ் வாசித்தது. அண்ணர் இப்போது இல்லை. அக்கா அதை எறிந்திருக்க மாட்டார் என்றார். எறியவில்லை. டிசம்பரில் வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார்.

ஸ்பீக்கர் தம்பி கசெற்றைக் கணினிக்கு ஏற்றினான். 31 நிமிடம். மின்விசிறி இரைச்சல், தெருவில் போகும் பஸ், அதற்குள் எங்கோ ஒரு குரல். குரலையும் வாத்தியத்தையும் பிரிக்கும் மென்பொருளில் போட்டு, இரண்டு இரவு இருந்து சரிசெய்து, எங்களைக் கூப்பிட்டான். ஹெட்போனை அங்கிளின் காதில் மாட்டாமல் ஸ்பீக்கரிலேயே போட்டான். முதலில் அண்ணர் ஆங்கிலப் பாட்டு ஒன்றைத் தொடங்கி, சொல் மறந்து, சிரித்து, 'சின்ன மாமியே'க்கு மாறினார். இளங்குரல். அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

பாட்டின் நடுவில் வேறொரு குரல் கேட்டது. மென்பொருள் மனிதக் குரல் எல்லாவற்றையும் ஒரே தடத்தில் போட்டிருந்ததால் அதுவும் சேர்ந்து வந்திருக்கிறது. வீட்டுக்குள் இருந்து ஒரு பெண்: "தேத்தண்ணி ஆறுது, ரெண்டு பேரும் வாங்கோ."

தம்பி நிறுத்தினான். "பாட்டுக்கு நடுவுல வருது அங்கிள். இந்த இடத்த மட்டும் எடுத்துட்டா பாட்டு கிளீனா இருக்கும். எடுக்கவா?"

"அம்மா," என்றார் அங்கிள். பிறகு கொஞ்சம் கழித்து, "வெட்டாதையும் தம்பி."